பென்சிலில் இருந்தால் கேட்கக் கூடாது

மழை பிடித்துக்கொண்டது. தூறல் இல்லை... வானத்தையே குடமாகக் கவிழ்த்த மாதிரி.

அந்த மழையில் பிராணி ஆஸ்பத்திரிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு ஒருத்தி உள்ளே வந்தாள். ஒரு கக்கத்தில் துணிப்பை. இன்னொரு கக்கத்தில் பூனை. பூனையின் வாயிலிருந்து வெள்ளை நூல் ஒன்று தொங்கியது. அவள் அந்த நூலைப் பிடித்து மெல்ல இழுக்கப் போனாள்...

"இழுக்காதீங்க."

சத்தம் பெரிசாக இல்லை. ஆனால் அதட்டல்தான். மேசைக்குப் பின்னாலிருந்து ஓர் ஆள் நாலே எட்டில் வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான்.

"கையை விடுங்க," என்றாள்.

"நூலை விடுங்க. கையை விடறேன்."

"நீங்க யாரு, டாக்டரா?"

"கம்பவுண்டர்."

"அப்ப டாக்டரைக் கூப்பிடுங்க. அதிகாரமெல்லாம் வேண்டாம்."

"கூப்பிடறேன். அதுக்குள்ள இழுத்துடாதீங்க. நூலோட அந்த முனை எங்க இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு? நாக்கடியில சுத்தியிருக்கலாம். குடல் வரைக்கும் போயிருக்கலாம். இழுத்தா உள்ள அறுத்துக்கிட்டு வரும்."

நூல் அவள் விரலிலிருந்து தானாக நழுவியது. வரும் வழியில் இரண்டு தடவை இழுத்துப் பார்த்திருந்தாள். அதை நினைத்ததும் முகம் வெளுத்துவிட்டது.

அவனும் சொன்ன சொல் தவறாமல் கையை விட்டான். அப்போதுதான் இரண்டு பேரும் நேராகப் பார்த்துக்கொண்டார்கள். கண் பேசியது என்று கதை எழுதுகிறவர்கள் எழுதுவார்கள். கண் பேசாது. பார்க்கும், அவ்வளவுதான். ஆனால் சில பேர் பார்த்தால் அந்தப் பார்வை விழுந்த இடத்திலேயே நின்றுவிடும்... கம்பவுண்டருக்கு அப்படி ஒரு பார்வை. அடிபட்ட பிராணியைப் பார்த்துப் பார்த்துப் பழகிய, அவசரமில்லாத கண்.

டாக்டரம்மா வந்து பூனையை உள்ளே தூக்கிக்கொண்டு போனார். ஒரு மணி நேரம் ஆகும் என்றார்.

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். தலையிலிருந்து சொட்டுகிறது, சேலை முந்தானையிலிருந்து சொட்டுகிறது. கம்பவுண்டர் துண்டு ஒன்று கொண்டுவந்தான். அவளிடம் நீட்டவில்லை. பையைக் காட்டினான்.

"முதல்ல அதைத் துடைங்க. உள்ள காகிதம் இருக்கு போல. ஓரம் ஊறுது."

அவளுக்கு அந்த ஒரு பேச்சே போதும். அவள் அச்சாபீஸில் பிறந்து வளர்ந்தவள். ஆள் நனைந்தால் காய்ந்துவிடும், தாள் நனைந்தால் போச்சு என்று அப்பா சொல்லச் சொல்லக் கேட்டவள். மழையில் வந்தவளை விட்டுவிட்டு அவள் காகிதத்தைப் பற்றி ஒருத்தன் கவலைப்பட்டது இதுதான் முதல் தடவை.

காலிக் கூண்டுகளின் மேல் தாள்களை ஒவ்வொன்றாகப் பரப்பினார்கள். அவன் விளக்கைத் திருப்பி வைத்தான்.

"என்ன புத்தகங்க இது? ஒரு பக்கம் இங்கிலீஷ், ஒரு பக்கம் தமிழ்."

"இங்கிலீஷ்காரங்க மிருகங்களை வெச்சுப் பேசற பேச்சு இருக்கு இல்ல, அதுக்கெல்லாம் அர்த்தம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கு. ஒரு ஹெட்மாஸ்டர் எழுதினது. நாங்க அச்சடிக்கிறோம்."

"மிருகங்களை வெச்சுன்னா?"

"இப்ப பெய்யுதே, இதை அவங்க பூனையும் நாயுமா பெய்யுதுன்னு சொல்வாங்க."

அவன் ஜன்னலுக்கு வெளியே கொஞ்ச நேரம் பார்த்தான். "அப்படிப் பெய்ஞ்சா எனக்குத்தான் வேலை."

அவள் சிரித்துவிட்டாள். உள்ளே பூனை மயக்கத்தில் கிடக்கிறது, இங்கே சிரிக்கிறோமே என்று உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சிரிங்க, பரவால்ல. டாக்டரம்மா கை நல்ல கை. இன்னொண்ணு சொல்லுங்க."

"ரகசியத்தை உளறிட்டா, பையில இருந்த பூனையை வெளிய விட்டுட்டான்னு சொல்வாங்க."

"பூனையை எதுக்குப் பையில போட்டு வெச்சான்? அதை யாரும் கேட்க மாட்டாங்களா?"

"கேட்க மாட்டாங்க. அதான் வழக்கு."

"நல்ல வழக்கு..."

உள்ளிருந்து டாக்டரம்மா கூப்பிட்டார். அவள் ஓடினாள். நூல் நாக்கடியில்தான் சுற்றியிருந்ததாம். இரண்டு முழம் வந்தது. "நல்லவேளை, இழுக்காம கொண்டு வந்தீங்க," என்றார் டாக்டரம்மா. அவள் திரும்பிப் பார்த்தாள். வாசலில் நின்ற கம்பவுண்டர் அவள் நூலைப் பிடித்திருந்ததைப் பார்த்தவன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூண்டுப் பக்கம் போய்விட்டான்.

பூனை கண் திறக்கும்வரை அவள் உள்ளேயே இருந்தாள். வெளியே கம்பவுண்டரும் ஈரத் தாள்களும் மட்டும். அவன் காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும்... கூண்டு அட்டையில் எந்தப் பிராணிக்கு என்ன மருந்து என்று எழுத.

அந்தப் பென்சில்தான் பிறகு எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது.

*

அச்சாபீஸில் அவளைப் பாப்பா என்பார்கள். இருபத்தாறு வயசாகியும் பாப்பாதான். பூனைக்குப் பெயர் கோந்து. குட்டியாக இருந்தபோது கோந்து டப்பாவுக்குள் விழுந்து எழுந்ததால் வந்த பெயர். காகிதக் கிடங்கில் எலி வராமல் பார்த்துக்கொள்வது அதன் உத்தியோகம். புத்தகம் தைக்கிற நூலைத் தின்றது மட்டும் அதன் குற்றம்.

அப்பா லேசில் யாரையும் நம்புகிறவர் இல்லை. பூட்டின பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார். பத்து வருஷமாக மகள் மடிப்பு மேசையில் நின்று தாள் மடித்தாள். புரூஃப் பார்க்கிறேன் என்று கேட்டுக் கேட்டு வாய் வலித்த பிறகுதான் இந்தப் புத்தகத்தைக் கொடுத்தார். "இது முழுசும் உன் பொறுப்பு. சுத்தமா வந்தா புரூஃப் பார்க்கிற நாற்காலி உனக்கு. பிசகினா பழையபடி மடிப்பு மேசை. அப்புறம் என்கிட்ட வந்து மூக்கைச் சிந்தக் கூடாது."

அங்கே ஒரு முறை உண்டு. புரூஃப் பார்க்கிறவர் திருத்துவது சிவப்பு மசியில். அதை டைப் அடிக்கிறவர் கேள்வி கேட்கலாம், சண்டைகூடப் போடலாம். ஆனால் எழுதினவர் திருத்துவது பென்சிலில். பென்சிலில் இருந்தால் கேட்கக் கூடாது. அப்படியே டைப்பில் ஏற்ற வேண்டும். அதனால் தாள் டைப்புக்குப் போகும் முன்னால் பாப்பா ஒரு தடவை முழுக்கப் படித்துவிட்டு மூலையில் கையெழுத்துப் போட வேண்டும்.

மழைக்கு மறுநாள் அவள் ஹெட்மாஸ்டர் திருத்தித் தந்த அந்தத் தாள்களை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள்... அவ்வளவுதான். எழுத்து இருந்த இடத்தில் ஒரு பார்வை இருந்தது. மணிக்கட்டில் பிடித்த இடம் இன்னும் சூடாக இருந்தது. 'நூலை விடுங்க, கையை விடறேன்'... என்ன திமிர். ஆனால் சொன்னபடி விட்டானே. பக்கம் பக்கமாகப் புரட்டினாள். மூலை மூலையாகக் கையெழுத்துப் போட்டாள். டைப் அண்ணனிடம் கொடுத்துவிட்டு, கோந்துக்குக் கஞ்சி கரைக்கப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் முதல் பாரம், அதாவது முதல் பதினாறு பக்கம், அச்சாகி மேசைக்கு வந்தது. அப்பா மேல் தாளை எடுத்துக் கண்ணாடிக்குக் கிட்டே பிடித்தார். மெஷின் சத்தத்துக்கு மேலே அவர் குரல் கேட்டது.

"பன்றியைப் போல வேர்ப்பது. பொருள்: மிகுதியாக வேர்த்தல். பன்றிக்கு அவ்வளவா வேர்க்காது. அதனாலதான் சேத்துல புரளுது." நிறுத்தினார். "இது என்ன?"

பதிலுக்குக் காத்திராமல் அடுத்த வரிக்குப் போனார்.

"பறவையைப் போல உண்பது. பொருள்: மிகக் குறைவாக உண்ணுதல். யார் சொன்னது? சின்னக் குருவி நாள் முழுக்கத் தின்னும். தீனி வைக்கிறவனைக் கேளு." அடுத்த பக்கம். "வௌவாலைப் போலக் குருடு. வௌவாலுக்குக் கண் தெரியும், பாவம். கோவேறு கழுதையைப் போலப் பிடிவாதம். பிடிவாதம் இல்லை, கால் வைக்கிற இடம் சரியில்லன்னா நிக்கும், நம்மளவிட விவரம். ஓநாயைப் போலப் பசி. ஓநாயைப் பத்தி எனக்குத் தெரியாது, பார்த்ததில்லை." கண்ணாடியைக் கழற்றினார். "ஹெட்மாஸ்டருக்கு என்ன ஆச்சு?"

டைப் அண்ணன் எழுந்து நின்றார். தலை நரைத்த மனுஷர். "பென்சில்ல இருந்துச்சு முதலாளி. ஏத்தினேன்."

"படிச்சுப் பார்க்கலையா?"

"நான் படிக்க மாட்டேன். ஏத்துவேன்."

பாப்பா ஓடிப்போய்ப் புரூஃபை எடுத்துப் பார்த்தாள். ஹெட்மாஸ்டரின் சாய்ந்த எழுத்துக்கு நடுவே இன்னொரு எழுத்து. உருண்டை உருண்டையாக, கூண்டு அட்டையில் எழுதுகிற எழுத்து.

நேரம் பார்த்து வந்த மாதிரி, வாசலில் கம்பவுண்டர் நின்றான். கையில் மருந்து டப்பா, முகம் முழுக்கச் சிரிப்பு. "கோந்துவைப் பார்க்கலாம்னு..."

"நீங்கதானே இது?" தாளை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

பார்த்தான். சிரிப்பு இறங்கியது. "அச்சாயிடுச்சா?"

"ஆயிடுச்சு. என் பேர், என் பொறுப்பு, எல்லாம் சேர்ந்து ஆயிடுச்சு. நாள் முழுக்க நாய்க்கும் மாட்டுக்கும் ஊசி போடறவருக்கு எழுத்தோட என்ன வேலை?"

சொன்ன பிறகுதான் அந்தச் சொல்லின் கூர் அவளுக்கே தெரிந்தது. அவனுக்குக் கோபம் வந்தமாதிரி இல்லை. அடி விழுந்த பிராணி ஓசையில்லாமல் ஒரு அடி பின்னால் போகுமே, அப்படிப் போனான்.

"தப்புதாங்க. அழிச்சிடலாம்னுதான் பென்சில்ல எழுதினேன். வீட்டுக்குப் போய் நீங்க பார்ப்பீங்க... சிரிப்பீங்கன்னு நினைச்சேன். அவ்வளவுதான்."

மடிப்பு மேசைக்கு அடியில் படுத்திருந்த கோந்துவைத் தூக்கினான். வாயைத் திறந்து பார்த்தான். "புண்ணு ஆறிடுச்சு. இன்னும் ரெண்டு நாள் கஞ்சியாவே குடுங்க." கீழே விட்டான். போகிறவன் வாசலில் நின்றான்.

"இதையெல்லாம் என்ன செய்வீங்க?"

"கிழிக்க வேண்டியதுதான்," என்றார் அப்பா.

"கிழிக்கறதுக்கு முன்னால ஒரு தாள் குடுக்க முடியுமாங்க? நான் எட்டாவதோட நின்னவன். நான் சொன்னது அச்சுல வந்து... பார்த்ததில்லை."

பாப்பா ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள். அவன் அதை மடிக்கவில்லை. மடித்தால் கோடு விழும் என்று உருட்டி எடுத்துக்கொண்டு போனான்.

*

"எவனோ ஒருத்தன் கிறுக்கினதுக்கு நீ என்ன செய்வே," என்றார் அப்பா. அவர் அப்படி இறங்கிப் பேசுவதே அபூர்வம். அந்தக் கிளையைப் பிடித்துக்கொண்டு கரை ஏறியிருக்கலாம் அவள்.

"இல்லப்பா. நான் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். தப்பு என்னோடது."

"ஏன் படிக்கலை? பார்த்துக்கிட்டுத்தானே இருந்தே?"

"பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்... எழுத்தை இல்ல."

அப்பா கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பையிலிருந்து பூனை வெளியே குதித்தது அவளுக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது.

"நாளைக்கு ஹெட்மாஸ்டர் வர்றார். நீயே சொல்லிக்கோ. நான் வாயைத் திறக்க மாட்டேன்."

ஹெட்மாஸ்டர் வந்தார். நெடுநெடுவென்று, கையில் குடையோடு. பாப்பா ஒன்றையும் மறைக்கவில்லை. மழை, பூனை, கூண்டு, பென்சில், தன் கையெழுத்து என்று வரிசையாகச் சொன்னாள். எழுத்தை விட்டுவிட்டு எதைப் பார்த்தாள் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவர் தாளை வாங்கி நின்றபடியே படித்தார். ஒரு பக்கம். இரண்டு பக்கம். அவள் மனசுக்குள் நாற்காலியை எடுத்து மூலையில் போட்டுவிட்டு மடிப்பு மேசைக்கே போய்விட்டாள்...

ஹெட்மாஸ்டரின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தாள். சிரிப்பு.

"ஓநாயைப் பார்த்ததில்லையாம்... விட்டுட்டானாம். முப்பத்தாறு வருஷம்மா. பன்றி மாதிரி வேர்க்குதுன்னு எத்தனை பிள்ளைங்களை எழுத வெச்சிருப்பேன். ஒரு நாள் ஒரு பன்றிகிட்ட போய் நின்னு பார்த்ததில்லை நான். யாரு இந்த ஆளு?"

"பிராணி ஆஸ்பத்திரியில கம்பவுண்டர்."

"அர்த்தம் நான் சொன்னதுதான். அதுல தப்பு கிடையாது. இங்கிலீஷ்காரன் அப்படித்தான் பேசறான். ஆனா நிஜம் என்னன்னும் பிள்ளைங்களுக்குத் தெரியட்டும். பாரத்தை மறுபடி போடுங்க. ஒவ்வொண்ணுக்கும் கீழே தனி வரி, 'கம்பவுண்டர் சொல்வது'ன்னு. மீதிப் பக்கத்துக்கும் அவரை எழுதச் சொல்லுங்க. நான் நன்றி சொன்னேன்னு சொல்லுங்க."

குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்பா அவர் போன திசையைச் சந்தேகமாகப் பார்த்தார். "சொல்லலாம். இவ திட்டின திட்டுக்கு அவன் வருவானா?"

*

அன்றைக்கு மழை இல்லை. பளிச்சென்று வெயில். கம்பவுண்டர் ஒரு கிழட்டு நாய்க்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தான். அவள் வந்து நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். வழியெல்லாம் கோத்து வைத்த வார்த்தை ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை.

"என்னங்க," என்றான் நிமிராமலே. "பூனை நாக்கைப் பிடிச்சுக்கிச்சா? பதினோராம் பக்கம். பேச்சு வராம நின்னா அப்படிக் கேட்பாங்களாமே."

"மனப்பாடம் பண்ணிட்டீங்களா?"

"வேற என்ன இருக்கு எனக்குப் படிக்க..."

மருந்து எடுக்க அலமாரியைத் திறந்தான். கதவின் உள்பக்கம் அந்தத் தாள் ஒட்டியிருந்தது. நாலு மூலையிலும் புண்ணுக்குப் போடுகிற பிளாஸ்திரி. அவள் அந்தத் தாளுக்குக் கிட்டே போய் நின்றாள்.

"நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. படிக்காம கையெழுத்துப் போட்டது நான். பழி போட்டது உங்க மேல. மன்னிச்சிடுங்க."

அவன் நாயின் பாதத்தை மெல்லக் கீழே வைத்தான். "நீங்க நூலைப் பிடிச்சிருந்ததை நான் டாக்டரம்மாகிட்ட சொல்லலை இல்ல? அது மாதிரி இதையும் விட்டுடலாம். கணக்கு சரி."

"அதுக்கும் நான் நன்றி சொல்லலை இன்னும்."

"இப்பச் சொல்லிட்டீங்க."

ஹெட்மாஸ்டர் சொன்னதைச் சொன்னாள். அவன் நம்பவில்லை. இரண்டு தரம் சொல்லச் சொன்னான். மூன்றாம் தரம் அவளே சிரித்துக்கொண்டே சொன்னாள்.

பிறகு அவள் புரூஃப் கொண்டுவந்து கொடுப்பாள், இரண்டு நாள் கழித்து வந்து வாங்கிக்கொள்வாள். எட்டு எட்டுப் பக்கமாகத்தான். மொத்தமாகக் கொண்டு வந்தால் ஒரே நாளில் முடிந்திருக்குமே என்று டைப் அண்ணன் கேட்டார். "தாள் கனம் அண்ணே," என்றாள். எண்பது பக்கம் என்ன கனம் கனக்கும்... அண்ணன் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது அவருக்குப் பழக்கம்.

இப்போது ஒரு எழுத்துகூட விடாமல் படித்தாள். அவன் எழுதியதை இரண்டு தரம் படித்தாள். முதலைக் கண்ணீர் என்ற இடத்தில், 'முதலை எங்க ஆஸ்பத்திரிக்கு வந்ததில்லை. வந்தா அழறது நாங்கதான்.' இதற்கு மெஷின் நிற்கிற அளவுக்குச் சிரித்தாள். அப்பா எட்டிப் பார்த்தார். போய்விட்டார். மறுநாள் வந்தபோது புரூஃப் நாற்காலியின் ஆடுகிற காலுக்கு யாரோ ஆணி அடித்திருந்தார்கள்.

*

கடைசிப் பாரத்தில் பூச்சிகள். தேனீ, எறும்பு, பட்டாம்பூச்சி. கடைசிப் புரூஃபும் வந்துவிட்டது. இனிமேல் அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு போக என்ன சாக்கு என்று நினைத்துக்கொண்டே படித்தாள். வயிற்றில் பட்டாம்பூச்சி பறப்பது, என்றிருந்தது. பொருள்: ஆவலும் பயமும் கலந்த படபடப்பு. அதற்குக் கீழே உருண்டை எழுத்து.

'பட்டாம்பூச்சிக்கு வைத்தியம் பார்த்ததில்லை. ஆனா இந்தப் புத்தகத்துலயே நான் ஒத்துக்கிற ஒரே பேச்சு இதுதான். புரூஃப் எடுத்துக்கிட்டு நீங்க கதவைத் தள்ளும்போதெல்லாம் இது இருக்கு. அந்த மழை நாள்லருந்து இருக்கு. பிடிக்கலன்னா அழிச்சிடுங்க. பென்சில்தான்.'

சிவப்புப் பேனாவை எடுத்தாள். மூடி வைத்தாள். மேசை இழுப்பறையைத் துழாவி, எப்போதோ உள்ளே போன ஒரு கட்டைப் பென்சிலை எடுத்தாள். கீழே ஒரே சொல் எழுதினாள். 'எனக்கும்.' மூலையில் கையெழுத்துப் போட்டாள். இந்தத் தடவை படித்துவிட்டுத்தான்.

அரை மணி கழித்து டைப் அண்ணனின் விரல் நின்றது. இருபது வருஷத்தில் நடுவே நின்றதில்லை.

"முதலாளி... இதுல ரெண்டு பேர் எழுத்து இருக்கு. ஏத்தணுமா?"

அப்பா போய்க் குனிந்து பார்த்தார். படித்தார். மகளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். கோந்து மட்டும் எல்லாரையும் பார்த்தது.

"பென்சில்ல இருக்கு இல்ல?" என்றார் அப்பா. "அப்புறம் என்ன கேள்வி. ஏத்து. ஒரே ஒரு தாள் அச்செடு. எடுத்துட்டு அந்த வரியைத் தூக்கிடு. பிள்ளைங்க படிக்கிற புத்தகம்." மகளைக் கையால் காட்டினார். "அந்தத் தாளை இவளே கொண்டுபோய்க் குடுக்கட்டும். பாப்பா, ஞாயிற்றுக்கிழமை அவனை வீட்டுக்கு வரச் சொல்லு. அவன் அம்மா அப்பாவோட. நான் நேர்ல பார்க்காம யாரையும் நம்பறவன் இல்ல."

"அப்பா..."

"போ. மழை வரும் போல இருக்கு. தாளைப் பத்திரமா மூடிக்கோ."

வந்தேவிட்டது மழை. ஆஸ்பத்திரிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே போனபோது தலையிலிருந்து கால்வரை சொட்டியது. நெஞ்சோடு பிடித்திருந்த தாளில் மட்டும் சொட்டு ஈரம் இல்லை. நீட்டினாள்.

அவன் நின்ற இடத்திலேயே படித்தான். தன் வரியைப் படித்தான். அதற்குக் கீழே இருந்த ஒரே சொல்லை ரொம்ப நேரம் படித்தான்.

"அச்சுல வந்துடுச்சா..."

"வந்துடுச்சு. இனி அழிக்க முடியாது."

"நன்றிங்க," என்றான்.

"எனக்கு எதுக்கு? கோந்துக்குச் சொல்லுங்க. அது மட்டும் நூலைத் தின்னாம இருந்திருந்தா..."

அவன் தாளை உலர்ந்த மேசையில் வைத்தான். பிறகு, முதல் நாள் பிடித்த அதே மணிக்கட்டைப் பிடித்தான்.

கையை விடுங்க என்று அவள் சொல்லவில்லை.